பட்டப்பகல் மோகினி

வேம்புக்குக் கல்யாணம் ஆகாமல் போனதற்கு அவளுடைய உயரம்தான் காரணம் என்று புதுச்சேரியின் சாரம் பகுதியில் எல்லாரும் சொன்னார்கள். ஐந்தடி பத்து அங்குலம். பாகூரிலிருந்து பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை ஒருவன், அவள் காப்பித் தட்டோடு நிலைப்படியில் குனிந்து வருவதைப் பார்த்ததும் காப்பியைக் குடிக்காமலே எழுந்து போனான். அதற்குப் பிறகு இரண்டு பேர் வந்தார்கள். அப்புறம் யாரும் வரவில்லை. அப்பா இறந்தார். தம்பி வடிவேல் நெய்வேலியில் வேலை கிடைத்து அங்கேயே குடும்பமாகிவிட்டான். 1981இல் அம்மாவும் போனாள். ஓட்டு வீடும், பின்னால் ஒரு முருங்கை மரமும், மில் வேலையும் மிஞ்சின. அப்போது வேம்புக்கு முப்பத்தொன்பது வயது.

மில்லில் அவளுக்கு நூல் சுற்றும் பிரிவு. மிஷின் சத்தத்தில் பேச முடியாது, கை ஜாடையிலும் உதட்டசைவிலும்தான் எல்லாம். சனிக்கிழமை வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் திங்கட்கிழமை காலைவரை பேசுவதற்கு ஆள் கிடையாது. திங்கட்கிழமை கேட்டில் டோக்கன் நம்பரைச் சொல்லும்போது குரல் கரகரவென்று வேறு யாருடையதோ போல வரும். ஒருமுறை வாட்ச்மேன், "இன்னா வேம்பு, சளியா?" என்று கேட்டார். "ஆமாண்ணே" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

1983ஆம் வருஷம் ஆடி மாதம் பஞ்சு வரத்து இல்லாமல் மில்லைப் பத்து நாள் மூடினார்கள். மூன்றாம் நாள் மத்தியானம் மணியம்மாள் அவளைத் தேடிக்கொண்டு வந்தாள். இரண்டு பேருக்கும் அடுத்தடுத்த மிஷின். மணியம்மாளின் கொழுந்தன், கடற்கரைப் பக்கம் வெள்ளைக்காரத் தெருவில் ஒரு பழைய மாடிவீட்டுக்குக் காவல் இருந்தான். வீட்டுக்காரர்கள் பிரான்சில். மெட்ராசிலிருந்து ஒரு சினிமாக் கம்பெனி வந்து அந்த வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தது.

"பேய்ப் படமாம். ஆனா சிரிப்புப் படமாம். பேயா நடிக்க வேண்டிய பொண்ணுக்கு மஞ்சக்காமாலயாம், வரல. ஒசரமா, நீட்டு முடியா ஒரு பொம்பள வேணுமாம். எனக்கு ஒன் நெனப்புதான் வந்துது."

"பேயாவா?" என்றாள் வேம்பு.

"மூஞ்சி தெரியாதாம். அஞ்சே நாள். சும்மாத்தான இருக்க?"

சும்மா இருப்பதைப் பற்றி மணியம்மாள் சாதாரணமாகத்தான் சொன்னாள். ஆனால் வேம்புக்கு மறுப்பதற்கு வேறு காரணம் எதுவும் கிடைக்கவில்லை.

அந்த வீட்டு முற்றத்தில் இருபது பேர் இருந்தார்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருந்தார்கள். காகிதக் கூழில் செய்த எலும்புக்கூடு ஒன்று நாற்காலியில் உட்கார்ந்திருந்தது, அதன் மடியில் யாரோ டீ தம்ளரை வைத்திருந்தார்கள். பழைய குடைத்துணியை வெட்டி வௌவால்கள் செய்து கொடியில் காயப் போட்டிருந்தார்கள். டைரக்டர் சின்ன வயசுக்காரர். வேம்புவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அம்மா, கொஞ்சம் கொண்டைய அவுக்கறீங்களா?" என்றார். அவள் அவிழ்த்தாள். முடி இடுப்புக்குக் கீழே இறங்கியது. "போதும், போதும்! கன்னியப்பன், ரெடி பண்ணுங்க" என்று சொல்லிக்கொண்டே ஓடினார்.

மேக்கப் போடுகிறவர் கன்னியப்பன். ஐம்பது வயசிருக்கும், கண்ணாடியின் ஒரு காதை நூலால் கட்டியிருந்தார். அவளை ஸ்டூலில் உட்காரவைத்து, "தொடலாமாம்மா?" என்று கேட்டுவிட்டுத்தான் நெற்றியில் கை வைத்தார். முகப்பூச்சு முதல் வாரத்திலேயே தீர்ந்துபோயிருந்தது. அரிசி மாவில் தேங்காய் எண்ணெய் விட்டுக் குழைத்துப் பூசினார். கண்ணைச் சுற்றி அடுப்புக்கரி.

"ராத்திரியிலதான எடுப்பீங்க?" என்று கேட்டாள்.

"ராத்திரிக்கு லைட் வேணும், லைட்டுக்கு ஜெனரேட்டர் வேணும். கம்பெனி அதுக்கெல்லாம் எங்க போவும்? காமிராவுக்கு முன்னால நீலக் கண்ணாடி போட்டா பட்டப்பகலும் ராத்திரி ஆயிடும்" என்றார் கன்னியப்பன்.

பட்டப்பகலில், ஆடி வெயிலில், வேம்பு பேயானாள். கதையை அவர்தான் அவளுக்குச் சொன்னார். புதுமாப்பிள்ளை ஒருவன் பெண்டாட்டியோடு ஒரு மாடிவீட்டுக்குக் குடிவருகிறான். அவன் விடுகிற குறட்டையில் அந்த வீட்டு மோகினிக்குத் தூக்கம் கெட்டுப்போகிறது. அவனை விரட்டுவதற்கு மோகினி என்னென்னவோ செய்கிறாள். அவ்வளவுதான் படம். பெயர் 'மாடிவீட்டு மோகினி'.

முதல் காட்சியில் அவள் மாடிப்படியில் இறங்கி வர வேண்டும். இறங்கினாள். "கட்" என்று சத்தம் வந்தது. கன்னியப்பன் ஓடிவந்து தோளருகில் நின்று மெதுவாகச் சொன்னார்.

"எதுக்கும்மா குனியறீங்க?"

"குனியறனா?"

"ஆமா. ஒங்க ஒசரத்துக்குத்தான் ஒங்களக் கூட்டியாந்திருக்கோம். நல்லா நிமிந்து வாங்க."

பதினாறு வயதிலிருந்து அவள் குனிந்தே நடந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து இறங்கியபோது, கீழே நின்றிருந்த கதாநாயகன், அவர் குள்ளமான ஆள், நிஜமாகவே ஒரு அடி பின்னால் நகர்ந்தார். எல்லாரும் சிரித்தார்கள். "பேயம்மா சூப்பர்" என்றார் டைரக்டர். அன்றிலிருந்து எல்லாருக்கும் அவள் பேயம்மாதான். "பேயம்மாவுக்கு மோர் குடுங்க." "பேயம்மா சாப்ட்டாங்களா?" இடுப்பில் கயிற்றைக் கட்டி மேலே இழுக்கும் நாலு பேரும், "வலிச்சா சொல்லுங்க பேயம்மா" என்று ஒவ்வொரு தடவையும் சொன்னார்கள். மத்தியானம் எல்லாருக்கும் வரிசையாக இலை போட்டார்கள். மாவுப் பூச்சோடு அவளும் உட்கார்ந்து சாப்பிட்டாள். பக்கத்து இலையில் எலும்புக்கூட்டைத் தூக்கும் ஆள், தன் மகளுக்குப் பல் முளைத்ததைப் பற்றி அவளிடம் வெகுநேரம் சொன்னான்.

நாலாம் நாள் மோகினி சிரிக்க வேண்டிய காட்சி. கிணற்றுமேடை மேல் ஏறி நின்று, முடியை முகத்துக்கு முன்னால் போட்டுக்கொண்டு, மாப்பிள்ளையைப் பார்த்துப் பயங்கரமாகச் சிரிக்க வேண்டும். வேம்பு முயன்றாள். இருமல் மாதிரி ஏதோ வந்தது. மறுபடி முயன்றாள். வரவில்லை.

"வரலீங்க" என்றாள். கண் கலங்கிவிட்டது.

கன்னியப்பன் கரித்துண்டோடு மேடைக்குப் பக்கத்தில் வந்தார். "சிரிக்க வரலன்னா அழுதுடுங்க. பேய்க்கு ரெண்டும் ஒண்ணுதான். எப்படியும் இங்க சத்தம் பதிவாகாது. மெட்ராசுல போயி வேற ஆளு பேசுவாங்க. வாயத் தெறந்தா போதும்."

வாயைத் திறந்தால் போதும் என்றுதான் வேம்பும் திறந்தாள். உள்ளேயிருந்து ஒரு சத்தம் கிளம்பியது. அடிவயிற்றில் தொடங்கி, நெஞ்சில் உடைந்து, உச்சிக்குப் போய் அங்கேயே நின்று நடுங்கிற்று. அம்மாவைத் தூக்கிக்கொண்டு போன அன்று இந்தச் சத்தம் வந்திருக்க வேண்டும். அன்று வீடு முழுக்க ஆட்கள், அவர்களுக்குக் காப்பி போடும் வேலை இருந்தது. இப்போது வந்தது. மதில்மேல் இருந்த காக்கைகள் எழுந்து பறந்தன. கயிறு பிடித்தவர்கள் அப்படியே நின்றார்கள். மணியம்மாளின் கொழுந்தன் கையெடுத்துக் கும்பிட்டான். டைரக்டர் "கட்" சொல்ல மறந்துபோனார்.

அப்புறம் கைதட்டினார்கள். கன்னியப்பன் மட்டும் தட்டவில்லை. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். "இத நாங்க பதிவு பண்ணாம வுட்டுட்டமேம்மா" என்றார்.

ஐந்தாம் நாள் சாயங்காலம் கம்பெனி வேனில் சாமான்களை ஏற்றினார்கள். எலும்புக்கூட்டைக் கடைசி சீட்டில் உட்காரவைத்தார்கள். படம் வெளியானால் கார்டு போடுவதாகச் சொல்லிக் கன்னியப்பன் அவள் விலாசத்தை ஒரு பீடிக்கட்டுக் காகிதத்தில் எழுதி வாங்கிக்கொண்டார். வேன் திரும்பி மறைந்தது. வேம்பு சாரம்வரை நடந்தே வந்தாள். வீட்டில் முகம் கழுவியபோது காதுமடலுக்குப் பின்னால் கொஞ்சம் மாவு ஒட்டியிருந்தது. துடைத்தாள். மில் திறக்க இன்னும் இரண்டு நாள் இருந்தது. அந்த இரண்டு நாளும் அதற்கு முந்தின இரண்டு வருஷத்தைவிட நீளமாக இருந்தன.

கார்டு வரவில்லை. மாசி மாதம், பிள்ளைகளுக்குப் பரீட்சை நேரம், பெரிய படம் எதுவும் வராத பருவத்தில், பெரிய மார்க்கெட்டுக்கு வெளியே மீன்கூடைகள் இறக்கும் சுவரில் வேம்பு அந்தச் சுவரொட்டியைப் பார்த்தாள். கிணற்றுமேடையில் ஓர் உருவம். உயரமும் முடியும் அவளுடையது. முகம் மட்டும் யாரோ வெள்ளையான ஒரு நடிகை. 'மாடிவீட்டு மோகினி. பயந்து சிரியுங்கள், சிரித்துப் பயப்டுங்கள்.' கடைசிச் சொல்லில் ஓர் எழுத்தை விட்டிருந்தார்கள். மங்களாம்பிகை டாக்கீசில் வெள்ளிக்கிழமை முதல்.

வேம்புக்கு அந்த மாதம் காலை ஷிஃப்ட். இரண்டு மணிக்கு முடியும். மேட்னி இரண்டரைக்கு. வெள்ளிக்கிழமை மணியம்மாளையும் கூட்டிக்கொண்டு போனாள். பெண்கள் பக்கம் பாதிச் சுவர் வைத்துப் பிரித்த பெஞ்சுகள். எதிர்ப்பக்கம் ஆண்கள், அதில் பாதிப் பேர் மாணவர்கள்.

படம் தொடங்கிக் கால்மணி நேரத்தில் மாடிப்படியில் மோகினி இறங்கினாள். வேம்பு மூச்சைப் பிடித்துக்கொண்டாள். திரையில் நீல வெளிச்சம். ஆனால் படிக்கட்டில் கரேலென்று நிழல்.

"டேய், பேய்க்கு நெழல் விழுதுடா!" என்று ஒரு குரல்.

கொட்டகை சிரித்தது. மோகினி பறந்தபோது, "கயிறு தெரியுது! கயிற ஏத்துங்கடா!" என்றார்கள். நடுராத்திரி என்று எழுத்துப் போட்ட காட்சியில் மதிலின் மேல் காக்கை உட்கார்ந்து இறக்கையைக் கோதியது. அதற்குக் கொட்டகையே எழுந்து நின்று விசிலடித்தது. கிணற்றுமேடைக் காட்சியில் அவள் வாயைத் திறந்தாள். "ஹீ ஹீ ஹீ" என்று எலிக்குஞ்சு கத்துவதுபோல ஒரு குரல் வந்தது. சிரித்துச் சிரித்து ஒருவன் பெஞ்சிலிருந்து விழுந்தான்.

முடிந்து வெளியே வந்ததும் மணியம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நீ எங்கடி இருக்க இதுல? முடிதான் தெரியுது. பேரும் போடல. இப்பிடிச் சிரிக்கிறானுங்களே, ஒனக்கு ஒருமாதிரியா இல்ல?"

"இருக்குது" என்றாள் வேம்பு.

வெட்கம் இருந்தது உண்மை. ஆனால் சனிக்கிழமை மேட்னிக்கு அவள் மறுபடி போனாள், இந்த முறை தனியாக. எதற்கு என்று கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது. திரையைப் பார்க்கப் போனவள் ஜனங்களைப் பார்க்க ஆரம்பித்தாள். காட்சி ஒவ்வொன்றும் அவளுக்குத் தெரியும், கயிறு பிடித்தவன் யார் என்பதுகூடத் தெரியும். பார்க்கிறவர்களுக்கும் கயிறு தெரிந்தது, மாவு தெரிந்தது. தெரிந்தும் கதவு கிறீச்சிட்டதும் தூக்கிவாரிப் போட்டது அவர்களுக்கு. போட்ட மறுநொடி யாரும் திரையைப் பார்க்கவில்லை. பக்கத்தில் இருக்கிறவர் முகத்தைத்தான் பார்த்தார்கள். நீயும் பயந்தியா, நானும் பயந்தேன் என்று ஒருவரைப் பார்த்து ஒருவர் சிரித்தார்கள். முன்பின் தெரியாதவர்கள். பெரிய படங்களுக்குப் போனால் அழுகிறவர்கள் தனித்தனியாக அழுதுவிட்டுத் தனித்தனியாக வீட்டுக்குப் போவார்கள். இந்த ஓட்டைப் படத்தில் யாராலும் தனியாக இருக்க முடியவில்லை. இதை வேம்பு வார்த்தையாக நினைத்துக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை போனாள், திங்கட்கிழமை போனாள்.

திங்கட்கிழமை வாசலில் டிக்கெட் கிழிக்கும் அம்மாவாசை அவளை நிறுத்தினார். அமாவாசையன்று பிறந்ததால் வைத்த பெயர். இந்தப் படம் வந்த நாளாக அந்தப் பெயரைச் சொல்லி எல்லாரும் அவரைக் கிண்டல் செய்துகொண்டிருந்தார்கள்.

"ஏம்மா, நாலாவது நாளா வர்றீங்க. அப்பிடி இன்னா இருக்குது இதுல?"

வேம்பு சுற்றிலும் பார்த்தாள். யாரும் இல்லை. "அந்தப் பேயி நான்தாங்க" என்றாள்.

அம்மாவாசை அண்ணாந்து அவள் உயரத்தைப் பார்த்தார். நம்பினாரா இல்லையா என்று தெரியவில்லை. "போங்க, படம் போட்டாச்சு" என்றார்.

செவ்வாய்க்கிழமை அது நடந்தது. கிணற்றுமேடைக் காட்சி வரும் நேரத்தில் கொட்டகையின் ஒலிபெருக்கி ஒரு தடவை கர்ரென்று உறுமிவிட்டு நின்றுபோனது. படம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. முதலில் விசில், அப்புறம் கத்தல், அப்புறம் மாணவர்களே வசனம் பேச ஆரம்பித்தார்கள். மாப்பிள்ளைக்கு ஒருவன், பெண்டாட்டிக்கு இன்னொருவன். மோகினி மேடைமேல் ஏறினாள். முடி முன்னால் விழுந்தது. வாய் திறந்தது. சத்தம் இல்லை.

"பேயிக்குத் தொண்ட கட்டிடுச்சு!" என்று யாரோ கத்தினான்.

இருட்டில், பெண்கள் பக்கத்துக் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த வேம்பு, தான் என்ன செய்கிறோம் என்று யோசிக்கவில்லை. திரையில் அவள் வாய் திறந்திருந்தது. இங்கேயும் திறந்தாள்.

அதே சத்தம். ஓடு வேய்ந்த கூரைக்குக் கீழே அது கிணற்றடியில் இருந்ததைவிடப் பெரியதாக எழுந்தது. கொட்டகை முழுவதும் சட்டென்று அடங்கியது. ஒரு குழந்தை வீறிட்டது. திரையில் மோகினி வாயை மூடினாள், வேம்புவும் நிறுத்தினாள். இரண்டு நொடி ஊசி விழுந்தால் கேட்கும். பிறகு ஒருவன் சிரித்தான், அடுத்தவன் சிரித்தான், மொத்தக் கொட்டகையும் இடிந்து விழுவதுபோலச் சிரித்துக் கைதட்டியது. "ஒன்ஸ்மோர்!" பக்கத்துப் பெஞ்சுப் பெண்கள் யார் யார் என்று திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். வேம்பு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். சிரிக்கிறோம் என்று தெரிய அவளுக்கே கொஞ்ச நேரம் ஆனது.

வெளியே வரும்போது அம்மாவாசை காத்திருந்தார். இந்த முறை அண்ணாந்து பார்க்கவில்லை. "நீங்கதானே?" என்றார்.

தலையாட்டினாள்.

"எனக்கு ஒடம்பே சிலுத்துப்போச்சு தாயி. அந்த மெட்ராசு பொம்பள கீச்சுகீச்சுன்னு கத்துறத இனிமே கேக்க முடியாது." குரலைத் தணித்தார். "ஆப்பரேட்டர்கிட்ட சொல்றேன். மேட்னிக்கு மட்டும் அந்த எடத்துல சவுண்ட நிறுத்திடட்டும். நீங்க வருவீங்களா?"

"வருவேன்" என்றாள் வேம்பு.

புதன்கிழமை கூட்டம் அதிகம். வியாழக்கிழமை பெஞ்சுக்குக் கீழே தரையிலும் உட்கார்ந்தார்கள். மங்களாம்பிகையில் பேய் நேரிலேயே வருகிறது என்று ஊரில் பேச்சு. கருவடிக்குப்பத்திலிருந்தெல்லாம் வந்தார்கள். ஒரு வாரத்துக்கென்று வந்த படம் இரண்டாவது வாரம் ஓடியது. அந்தக் காட்சி வரும்போது முந்நூறு பேர் மூச்சைப் பிடிப்பது இருட்டில் வேம்புக்குக் கேட்கும். சத்தம் முடிந்து வரும் சிரிப்பு அவள் மேல் கடலலை மாதிரி வந்து மோதும். அவள் பெஞ்சு மாற்றி மாற்றி உட்கார்ந்தாள். யார் என்று யாரும் கண்டுபிடிக்கவில்லை.

இரண்டாம் வாரம் செவ்வாய்க்கிழமை அம்மாவாசை கேட்டார். "வெளிச்சத்துல ஒரு தடவ நிக்கறீங்களா? நான் சொல்றேன், தோ இவங்கதான்னு. சனம் பாக்க ஆசப்படுது."

வேம்பு குனிந்து தன் சேலையைப் பார்த்தாள். வெளிச்சத்தில் நின்றால் என்ன தெரியும் என்று அவளுக்குத் தெரியும். நாற்பத்திரண்டு வயசு, பஞ்சுத்தூசி ஒட்டிய சேலை, மில்லுக்காரி.

"வேணாங்க. இருட்டுலயே இருக்கட்டும்."

அவர் வற்புறுத்தவில்லை. "ஒங்க இஷ்டம்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "எங்க வீட்டுல நான் சொன்னா நம்பமாட்டேங்குது" என்று சிரித்தார்.

வியாழக்கிழமை கடைசி மேட்னி. வெள்ளிக்கிழமை காலை சுவரொட்டியின் மேல் வேறு சுவரொட்டி ஒட்டினார்கள், யாரோ அண்ணன் தங்கைக் கதை. வேலை முடிந்து வழக்கம்போல அந்தப் பக்கம் நடந்த வேம்பு, படப்பெட்டிகளைச் சைக்கிள் ரிக்‌ஷாவில் ஏற்றுவதைப் பார்த்தாள். துருப்பிடித்த தகரப் பெட்டிகள். அம்மாவாசை வாசலில் நின்றிருந்தார்.

"எங்க போவுது?"

"திண்டிவனம். அங்க ரெண்டு நாளோ மூணு நாளோ. அப்பறம் எங்கியோ." ரிக்‌ஷா நகர்வதைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "வாங்க தாயி அப்பப்ப. டிக்கெட் எல்லாம் வேணாம் ஒங்களுக்கு."

"வரேங்க" என்றாள். அண்ணன் தங்கைக் கதைக்கு அவள் போகவில்லை.

சனிக்கிழமை மணியம்மாள் மகளுக்கு நிச்சயம், அவள் விழுப்புரம் போயிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை வேம்பு துணி துவைத்தாள், தண்ணீர் பிடித்தாள், ஒரு குழம்பு வைத்தாள். பதினொரு மணிக்கு எல்லா வேலையும் முடிந்துவிட்டது. நடுவீட்டில் கொஞ்சநேரம் நின்றாள். பிறகு தலை வாரிக் கொண்டை போட்டுக்கொண்டு, கதவைப் பூட்டிப் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள்.

திண்டிவனத்தில் கொட்டகையைக் கண்டுபிடிப்பது சிரமமாக இல்லை. சின்னக் கொட்டகை, பாதி காலி. டிக்கெட் கிழித்தவன் அவளைப் பார்க்கவே இல்லை. பெண்கள் பக்கம் எட்டுப் பத்துப் பேர்தான். அவள் ஓரமாக உட்கார்ந்தாள். படம் போட்டபிறகு இருட்டில் ஒரு பெண் தட்டுத்தடுமாறி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். இருபது வயசு இருக்கும், கழுத்தில் புது மஞ்சள் கயிறு. துணைக்கு யாரும் வந்ததாகத் தெரியவில்லை.

படிக்கட்டில் நிழல் விழுந்தது. இங்கேயும் சிரித்தார்கள், ஆனால் மாணவர்கள் இல்லை, யாரும் எதுவும் கத்தவில்லை. காக்கை வந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை. கிணற்றுமேடை வந்தது. வேம்பு முன்னால் சாய்ந்தாள், வாய் தானாகத் திறந்தது. இங்கே ஒலிபெருக்கிக்கு ஒரு குறையும் இல்லை. "ஹீ ஹீ ஹீ" என்று அந்த எலிக்குரல் கொட்டகை முழுக்க நிறைந்தது. வேம்பு வாயை மூடிக்கொண்டாள். தான் இல்லாமலும் அது நடந்து முடிந்துவிடும் என்று புரிந்தது. இங்கே அவளைத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. புதுச்சேரியிலும் அம்மாவாசையைத் தவிர யாருக்கும் தெரியாது.

அப்போது பக்கத்திலிருந்த பெண் 'அம்மா' என்று மெல்லக் கத்திக்கொண்டே வேம்புவின் கையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தாள். முகத்தைக் கொண்டுவந்து வேம்புவின் தோளில் புதைத்துக்கொண்டாள். அந்த எலிக்குரலைக் கேட்டு, அந்த அரிசி மாவைப் பார்த்து, அந்தப் பிள்ளைக்கு உடம்பு உண்மையாகவே நடுங்கிற்று. திரையில் மாப்பிள்ளை கிணற்று வாளிக்குள் விழுந்து கால் ரெண்டும் மேலே நின்றது. அவள் ஒரு கண்ணால் பார்த்துவிட்டுப் பொங்கிச் சிரித்தாள். சிரித்தபடியே, தான் பிடித்திருப்பது முன்பின் தெரியாதவர் கையென்று அவளுக்கு உறைத்தது. சட்டென்று விட்டாள்.

"மன்னிச்சுக்கங்கக்கா. ரொம்ப பயந்துட்டேன்."

"பரவால்லம்மா" என்றாள் வேம்பு. சனிக்கிழமைக்குப் பிறகு, பஸ்ஸில் டிக்கெட் கேட்டதைத் தவிர, அவள் பேசிய முதல் பேச்சு அது. குரல் கரகரத்தது. கனைத்துக்கொண்டாள். "தனியாவா வந்த?"

"ஆமாங்கக்கா. அவரு லாரில பம்பாய் போயிருக்காரு. வூட்டுல ஒக்காந்தே இருந்தா இன்னாவோ மாதிரி இருக்குது."

திரையில் வீட்டின் பின்கதவு மெல்ல அசைய ஆரம்பித்தது. கதவுக்குப் பின்னால் நிற்பது தான்தான் என்றும், அன்று மத்தியானம் வெயில் தாங்காமல் கன்னியப்பன் அவள் தலையில் ஈரத்துண்டு போட்டுவிட்டார் என்றும் வேம்புக்குத் தெரியும். பக்கத்தில் அந்தப் பெண் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கால் இரண்டையும் மேலே தூக்கிக்கொண்டாள்.

வேம்பு தன் கையை நீட்டினாள்.

"இன்னும் ரெண்டு தடவ வரும்மா" என்றாள். "புடிச்சிக்க."